கோல்ஃப் மேட்டும் தேங்கா நாரும்: ஒரு லேத் பட்டறைக்காரன் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க விளையாட்டுப் பக்கத்துல கோல்ஃப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா நடுவுல ஒரு வரி, இந்த விளையாட்டோட சாமான் எல்லாம் வெளிநாட்டு லேப்ல பொறக்கறது, நாம காசு குடுத்து வாங்கத்தான் முடியும்ங்கற மாதிரி. அதைப் படிச்சதும் குடிச்சிட்டிருந்த டீ தொண்டையிலயே நின்னுபோச்சுங்க. நான் கோயம்புத்தூர் கணபதியில சின்னதா பட்டறை வச்சிருக்கிறவன். ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், ஒரு பழைய டிரில்லிங் மெஷின், பம்பு ஷாஃப்ட்டு, புஷ்னு ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டிட்டிருக்கேன். கோல்ஃப் மெம்பர்ஷிப் எல்லாம் நமக்கு எங்கீங்க. ஆனா நாலு வருஷமா ஒரு கோல்ஃப் பிராக்டீஸ் மேட்டோட (மேடு இல்லைங்க, பந்தை வச்சு அடிச்சுப் பழகற பாய்) மல்லுக்கட்டிட்டிருக்கேன், அதனால அந்த வரியைப் பத்தி எனக்கு ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். கொஞ்சம் நீளமாப் போகும், இடம் இல்லைன்னா வெட்டிக்கோங்க, ஆனா பேட்டன்ட் பத்தி சொல்ற இடத்தை மட்டும் வெட்டாதீங்க.

மொதல்ல இந்த லேப் கதை. கார்ஸ்டன் சோல்ஹைம்னு ஒருத்தர், 1911ல நார்வேயில பொறந்து சின்ன வயசுலயே அமெரிக்கா போனவர், ஆரம்பத்துல செருப்பு தைக்கிற வேலை பாத்தவர், அப்புறம் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில இன்ஜினியர். 42 வயசுலதான் கூட வேலை பாக்கறவங்க கூப்பிட்டாங்கன்னு கோல்ஃப் ஸ்டிக்கையே தொட்டாரு. பட்டர் சரியா வரலை. (பட்டர்னா வெண்ணெய் இல்லைங்க, குழிகிட்ட வந்ததும் பந்தை மெதுவா உருட்டி விடுற கட்டை.) நடுவுல படாம கொஞ்சம் ஓரத்துல பட்டாலும் கட்டையோட தலை திரும்பிக்குது, பந்து பக்கவாட்டுல போயிடுது. மனுசன் என்ன பண்ணாருன்னா ரெண்டு சக்கரைக் கட்டியை எடுத்து நடுவுல ஐஸ் குச்சி ரெண்டை வச்சு ஒட்டி, எடையை நடுவுல வைக்காம ரெண்டு கோடிக்குத் தள்ளினா தலை திரும்பாதுன்னு காட்டுனாரு. இது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லைங்க. காவடி தூக்கறவங்களைக் கேளுங்க, ரெண்டு பக்கமும் செம்பு தொங்கும்போது அந்தக் கொம்பை சட்டுனு திருப்ப முடியுமான்னு. அதே வித்தைதான். 1959ல ரெட்வுட் சிட்டியில தன்னோட வீட்டு கராஜ்ல அந்தப் பட்டரைப் பண்ணாரு, பந்து பட்டா பிங்னு சத்தம் வந்துச்சு, அதையே பேரா வச்சுட்டாரு. 1966ல அடுத்ததா ஆன்சர்னு ஒரு பட்டர், அந்தப் படத்தை மொதல்ல வரைஞ்சது ஒரு கிராமஃபோன் ரெக்கார்டு உறையில. ஆன்சர்ங்கற இங்கிலீஷ் வார்த்தை முழுசா கட்டையில பொறிக்க இடம் பத்தலைன்னு வீட்டுக்காரம்மா ஒரு எழுத்தைத் தூக்கிடச் சொல்லி, இன்னைக்கும் அந்தப் பேரு ஒரு எழுத்து கம்மியாத்தான் இருக்கு. அந்த வடிவத்தை அதுக்கப்புறம் காப்பி அடிக்காத கம்பெனியைத் தேடித்தான் பிடிக்கணும். இதுல லேப் எங்கீங்க இருக்கு?

கோல்ஃப் சாமான் சரித்திரம் பூரா இப்படித்தான். பந்தைக் கீழே வைக்கற சின்ன மரக்குச்சி இருக்கே, டீன்னு சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி எல்லாம் ஒரு பிடி ஈரமணலை அள்ளிக் குவிச்சு அது மேல பந்தை வைப்பாங்க. 1899ல பாஸ்டன்ல ஜார்ஜ் கிரான்ட்னு ஒரு கறுப்பினப் பல் டாக்டர்தான் மரக்குச்சி டீக்கு பேட்டன்ட் வாங்கினாரு, ஆனா விக்கவே இல்லை, கூட்டாளிங்களுக்கு சும்மா குடுத்துட்டாரு. இருபது வருஷத்துக்கும் மேல கழிச்சு வில்லியம் லோவல்னு இன்னொருத்தர் வந்து சிவப்புப் பெயின்ட் அடிச்சு வித்து சம்பாதிச்சாரு. அவரும் பல் டாக்டருங்க! பல் டாக்டருங்களுக்கும் இதுக்கும் என்ன பொருத்தமோ போங்க. அப்புறம் ரப்பர் நூலை உருண்டையாச் சுத்தி 1898ல பந்து பண்ண கோபர்ன் ஹாஸ்கெல், அவரு ஆக்ரன்ல ஒரு ரப்பர் ஃபேக்டரிக்குக் கூட்டாளியைப் பாக்கப் போன இடத்துல காத்துக்கிட்டு இருக்க போர் அடிச்சு நூலைச் சுத்துனவருன்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி இருந்த பந்து குட்டா பெர்ச்சான்னு மலாயா மரத்துப் பால்ல பண்ணது, 1848 வாக்குல வந்தது. ஸ்காட்லாந்துல ஒரு பாதிரியார் வீட்டுக்கு நம்ம பெருமாள் சிலை ஒண்ணு பார்சல்ல வந்துச்சாம், உடையாம இருக்க சுத்தி இந்தப் பிசினைப் போட்டு அடைச்சிருந்தாங்களாம், அதை உருட்டித்தான் மொதப் பந்துன்னு ஒரு கதை. பெருமாள் கோல்ஃபுக்கும் ஏதோ பண்ணியிருக்காருன்னு வச்சுக்குவோம்.

ஒண்ணு மட்டும் எங்க தொழில்காரங்களுக்காக சொல்லிடறேன். பந்து மேல குழி குழியா இருக்கே, அந்தக் குழியை 1905ல பேட்டன்ட் பண்ணது லெஸ்டர் ஊரு வில்லியம் டெய்லர். டெய்லர் ஹாப்சன்னா எங்க லைன்ல தெரியாதவங்க கிடையாது, ஷாஃப்ட்டோட பினிஷிங் எத்தனை மைக்ரான்னு பாக்கற ரஃப்னெஸ் டெஸ்டர் அந்தக் கம்பெனிதான். அதே டெய்லருங்க! மேற்பரப்பை வழவழப்பா வைக்கறதுக்கு உலகத்துக்கே அளவுகோல் குடுத்த கம்பெனியோட ஆளு, பந்து மட்டும் வழவழப்பா இருக்கக்கூடாதுன்னு கண்டுபிடிச்சிருக்காரு. குட்டா பெர்ச்சா பந்து காலத்துலயே அடிபட்டு சொட்டை விழுந்த பழைய பந்துதான் தூரம் போகுதுன்னு ஆட்டக்காரங்களுக்குத் தெரியும், புதுப் பந்தை வேணும்னே சுத்தியல்ல கொத்தி வச்சுக்குவாங்க. குழி இருந்தா காத்து பந்தோட முதுகு வரைக்கும் ஒட்டிட்டே போகுது, பின்னாடி இழுக்கற வெற்றிடம் சின்னதாயிடுது, வழவழப்பான பந்தை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம்.

சரி, அதெல்லாம் பழங்கதை, இப்ப அப்படி யாராவது பண்ண முடியுமான்னு கேப்பீங்க. கட்டையில ரொம்பக் கஷ்டம்ங்க, இதை நான் ஒத்துக்கறேன். ஏன்னா கோல்ஃபுக்கு ரூல் போடற அமெரிக்க சங்கமும் ஸ்காட்லாந்துல இருக்கற ஆர் அண்ட் ஏ அமைப்பும் எல்லாத்தையும் அளந்து கட்டம் கட்டிட்டாங்க. டிரைவர்னு தூரமா அடிக்கற பெரிய கட்டை, அதோட தலை 460 சிசிக்கு மேல போகக்கூடாது. கட்டையோட முகத்துல இருக்கற கோடு 0.9 மில்லிமீட்டருக்கு மேல அகலம் இருக்கக்கூடாது, அரை மில்லிமீட்டருக்கு மேல ஆழம் கூடாது. பந்து 45.93 கிராமுக்கு மேல கனக்கக்கூடாது, 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே சிறுசாவும் கூடாது. பட்டரைத் தவிர மத்த கட்டை நீளம் 48 இன்ச்சு, பெரிய டோர்னமென்ட்ல 2022ல இருந்து 46ன்னு லோக்கல் ரூலும் போட்டுக்கலாம்னுட்டாங்க. பட்டரை வயித்துல ஊனி அடிக்கறதை 2016 ஜனவரியில இருந்து தடை பண்ணிட்டாங்க. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் பெரிய கம்பெனிங்க டைட்டேனியம், கார்பன்னு வருஷம் வருஷம் துளி துளியா நோண்டிட்டிருக்காங்க. அங்க போய் நாம மோதுறது வேஸ்ட்டு. காஸ்டிங் வேணா பண்ணலாம், அயர்ன்னு சொல்ற இரும்புத் தலைக் கட்டையில நெறைய இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்தான், மெழுகுல மாதிரி பண்ணி மேல செராமிக் பூசி மெழுகை உருக்கி எடுத்துட்டு உலோகம் ஊத்தறது, சுவாமிமலை ஸ்தபதிங்க களிமண்ல செய்யற அதே சூத்திரம். எங்கூர்ல அதுக்கு பவுண்டரி இருக்கு. ஆனா அது கூலிக்கு ஊத்தறது, கண்டுபிடிப்பு ஆகாது.

மேட்டுக்கு அந்த மாதிரி கட்டம் எதுவும் கிடையாதுங்க. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பிராக்டீஸ் பண்ற பாய்க்கு எத்தனை மில்லிமீட்டர், என்ன சரக்குன்னு எந்தச் சங்கமும் கேக்கறதில்ல. எப்படி வேணா பண்ணலாம். அங்கதான் இன்னும் தீராத பிரச்சினை கெடக்குது.

எனக்கு அது எப்படித் தெரிஞ்சதுன்னா, ஒரு டிரைவிங் ரேஞ்சுல (காசு குடுத்து கோல்ஃப் பந்து அடிச்சுப் பழகற இடம்) பந்து கொட்டற மெஷின் ஸ்ட்ரக் ஆகுதுன்னு கூப்பிட்டாங்க, கியர் பல்லு போயிருந்துச்சு, கழட்டிக் கொண்டு வந்து புதுசு வெட்டி மாட்டப் போனேன். மாட்டிட்டு உக்காந்திருந்தப்ப பக்கத்துல பந்து அடிக்கற தடுப்புல ஒரு கோச் தம்பி சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு, முழங்கையில பட்டை கட்டியிருந்தாரு. என்ன தம்பி கீழே விழுந்துட்டீங்களான்னேன். "இல்லண்ணா, இந்த மேட்டு குடுத்த பரிசு"ன்னாரு. கீழே பாத்தா கான்கிரீட் தரை, அது மேல அரை இன்ச்சு ஃபோம், அது மேல பச்சை நைலான். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அதுல இரும்பை இறக்கினா முழங்கை என்னாகும். டாக்டர் பாஷையில கோல்ஃபர்ஸ் எல்போன்னே ஒரு நோவு இருக்குதாம்.

ஆனா கை வலி பாதிதான், மீதிப் பாதியை அந்தத் தம்பி செஞ்சே காட்டுனாரு. பந்துக்கு ஒரு இன்ச்சு பின்னாடி வேணும்னே தரையில அடிச்சாரு. நிஜப் புல்லுல அப்படி அடிச்சா கட்டை மண்ணுக்குள்ள புதையும், ஒரு தோசை அளவுக்குப் புல்லு பேந்துட்டு வரும், பந்து பாவமா முப்பது நாப்பது கஜம் குறைவா விழும். மேட்டுல என்ன ஆச்சுன்னா, கட்டை வழுக்கிட்டு முன்னாடி போய் பந்தை அடிச்சுருச்சு, பந்து சூப்பராப் போச்சு! அடிச்சவனுக்குத் தப்புப் பண்ணதே தெரியாது. ஆறு மாசம் இதுலயே அடிச்சு ஹீரோன்னு நெனச்சுட்டு நிஜ கிரவுண்டுக்குப் போனா மண்ணை வாருவான், அப்ப புல்லு சரியில்லைம்பான். பரீட்சையில தப்பான விடைக்கும் மார்க் போடற வாத்தியார் மாதிரிங்க இந்த மேட்டு.

வீட்டுக்கு வந்தும் அதே நெனப்பு. புல்லும் மண்ணும் என்ன பண்ணுது? கீழேயும் அமுங்குது, முன்னாடியும் நகருது. ஃபோம் கீழே மட்டும் அமுங்கும், முன்னாடி நகராது. இவ்வளவுதாங்க விஷயம், ஆனா இதைச் செய்யறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே.

மொதல்ல பொள்ளாச்சியில இருந்து ரப்பரைஸ்டு காயர் ஷீட்டு வாங்கினேன், காயர் மெத்தைக்குள்ள இருக்குமே, நார்ல ரப்பர் பால் தெளிச்சு அழுத்துனது. ரெண்டு இன்ச்சு கனம், மேல நைலான் புல்லு. மொத நாள் அருமையா இருந்துச்சு, கோச் தம்பி கும்பிடே போட்டுட்டாரு. மூணாவது நாள் பந்து வைக்கற இடத்துல பணியாரக் குழி மாதிரி ஒரு பள்ளம். பந்து குழிக்குள்ள உக்காந்துக்குது. அப்புறம் செருப்பு ஃபேக்டரியில மிச்சமான ஈவிஏ ஷீட்டு, அது கட்டையைத் தூக்கி எறியுது, பந்தோட மண்டையிலயே அடிக்குது. அடுத்ததா ரொம்ப அறிவாளின்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு ரயில் போட்டு, நைலான் புஷ் வச்சு, மேட்டையே முன்னாடி பின்னாடி நகரற மாதிரி பண்ணி, திரும்பி வர சைக்கிள் டியூப்பைக் கட்டி விட்டேன். நாலாவது நாள் மண்ணு புகுந்து ஜாம். அதோட ஒவ்வொரு அடிக்கும் தகரக் கொட்டாயில கல்லு விழுந்த மாதிரி சத்தம், பக்கத்து வீட்டம்மா ஏனுங்க என்னதாங்க பண்றீங்கன்னு கேட்டுட்டுப் போச்சு. வீட்ல சம்சாரம் பேசறதையே நிறுத்திட்டா, பேசுனா மேட்டைப் பத்தித்தான் பேசுவேன்னு.

கடைசியா வந்தது ஒரு பழைய கன்வேயர் பெல்ட்டைப் பாத்ததுல. பெல்ட்டைப் பட்டை பட்டையா அறுத்து, நேரா நிறுத்தாம முன்னாடி பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி வரிசையா நட்டேன், நடுவுல நடுவுல தேங்கா நாரைத் தளர்வா அடைச்சேன், மேல புல்லு. இப்ப கட்டை கீழ் நோக்கி அழுத்துனா சாஞ்ச பட்டை முன்னாடி மடங்குது, அதனால அமுங்கறதும் நகர்றதும் ஒரே அசைவுல ஆயிடுது. ரயிலும் இல்ல புஷ்ஷும் இல்ல, ஜாம் ஆக ஒண்ணுமே இல்ல. கை விட்டதும் தானா நிமுந்துக்குது. பட்டையோட சாய்வு எத்தனை டிகிரிங்கறதுக்கு மட்டும் பதினோரு தடவை மாத்துனேன். சாய்வு ஜாஸ்தியானா சேத்துல கால் வச்ச மாதிரி தொளதொளங்குது, கம்மியானா பழைய கான்கிரீட்டுதான்.

டெஸ்ட்டு எப்படிப் பண்ணேன்னு கேட்டா சிரிப்பீங்க. பந்துக்கும் கட்டைக்கும் தொடுப்பு ஒரு செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரம்தான், அதைப் புடிக்கற கேமரா வாங்கினா பட்டறையை வித்துரணும். அதனால வீட்ல இருந்த கோலப்பொடி. மேட்டு மேல பொடியை மெலிசாத் தூவி, பந்து இருக்கற இடத்துக்கு நேரா குறுக்கால ஒரு கோடு கிழிக்கறது. அடிச்சதுக்கப்புறம் பொடி எங்க இருந்து கலைஞ்சிருக்குன்னு பாக்கறது. கோட்டுக்கு முன்னாடி கலைஞ்சா பந்தை மொதல்ல அடிச்சிருக்கான், பின்னாடி கலைஞ்சா தரையை மொதல்ல அடிச்சிருக்கான். கட்டையோட முகத்துல பவுடரைத் தட்டி விட்டா பந்து எங்க பட்டுச்சுன்னு வட்டமா அச்சு விழும். ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா ஆளைப் பாக்காமயே என்ன தப்புன்னு சொல்லிடலாம். கோச் தம்பி பழையபடி ஒரு இன்ச்சு பின்னாடி அடிச்சுப் பாத்தாரு. இந்தத் தடவை பந்து நல்லாவே குறைஞ்சு விழுந்துச்சு, நானும் அவரும் கல்யாணத்துல மொய் வந்த மாதிரி சந்தோஷமாயிட்டோம். தப்பா அடிச்சா தப்பாப் போகுது, அதுக்குத்தானே இத்தனை பாடு!

அந்த சந்தோஷத்துல ரெண்டு அடி வாங்குனேன். ஒண்ணு சின்னது. வேற ஒரு ரேஞ்சுல காட்டப் போனேன், ஊரு பேரு வேண்டாம். மேனேஜர் நாலு பந்து அடிச்சுப் பாத்தாரு, நல்லாத்தான் இருக்குன்னாரு. வாங்க மாட்டேன்னுட்டாரு. ஏனுங்கன்னு கேட்டா, "இதுல அடிச்சா நம்ம கஸ்டமருக்குப் பந்து தூரம் போகாதுங்க, அடுத்த வாரம் வேற ரேஞ்சுக்குப் போயிடுவாங்க"ன்னாரு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்குது, என்ன சொல்றது. பொய் சொல்ற கண்ணாடிக்குத்தான் கூட்டம்.

ரெண்டாவது பெரிய அடி, நானே எனக்குப் போட்டுக்கிட்டது. மேட்டு வேலை செஞ்ச அன்னைக்கே பையன்கிட்ட சொல்லி மொபைல்ல வீடியோ எடுத்து, பெல்ட்டு பட்டை எப்படிச் சாஞ்சிருக்கு, நாரு எப்படி அடைச்சிருக்கு, எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டி யூடியூப்ல போட்டுட்டேன். பெருமை. எட்டு மாசம் கழிச்சு ஒரு வக்கீல் சார்கிட்ட பேட்டன்ட் எடுக்கலாம்னு போனா, அவரு கேட்ட மொதக் கேள்வி இதை யாருக்காவது காட்டியிருக்கீங்களான்னு. வீடியோ போட்டிருக்கேன், ஆயிரத்துக்கு மேல பாத்திருக்காங்கன்னு நான் வேற பெருமையா சொன்னேன். மனுசன் பேனாவை மூடிட்டாரு.

விஷயம் என்னன்னா நம்ம நாட்டுச் சட்டப்படி விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி ஊருக்குக் காட்டிட்டா அது புதுசு இல்லைன்னு ஆயிடும். அமெரிக்காவுல கண்டுபிடிச்சவனே காட்டியிருந்தா ஒரு வருஷம் டைம் தர்றாங்க. இங்க அந்த சலுகை, அரசு அறிவிச்ச கண்காட்சி, அறிஞர் சபையில படிச்ச கட்டுரைன்னு சில இடத்துக்கு மட்டும்தான், யூடியூப்புக்கு இல்ல. நான் செய்ய வேண்டியிருந்தது என்னன்னா, மொதல்ல புரொவிஷனல்னு ஒரு அரைகுறை விண்ணப்பம் போட்டிருக்கணும், அதுக்கு முழு டிராயிங் கூட முடிஞ்சிருக்கணும்னு இல்ல, போட்ட தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள முழுசாக் குடுத்தாப் போதும். தனி ஆளுக்கு ஆன்லைன்ல போட ஃபீஸ் 1,600 ரூபா. பரிசோதிங்கன்னு கேக்க இன்னொரு 4,000. வக்கீல் ஃபீஸ் தனி, அது ஆளைப் பொறுத்து. கெடைச்சா 20 வருஷம் உரிமை. உள்ள வேலை செய்யற விதம் இல்லாம வெளி வடிவம் மட்டும் புதுசுன்னா டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன்னு வேற இருக்குது, 1,000 ரூபா, 10 வருஷம், மேல 5 வருஷம் நீட்டிக்கலாம், அதுக்கும் இதே மாதிரி முன்னாடியே காட்டியிருக்கக்கூடாது. பேட்டன்ட் ஆபீஸ் நம்ம சென்னை கிண்டியிலயே இருக்குங்க. 1,600 ரூபா! நான் அந்த ரயில் மாடலுக்கு வாங்கின நைலான் ராடு அதை விட ஜாஸ்தி.

அந்த வக்கீல் சார் இன்னொண்ணும் சொன்னாரு, போடறதுக்கு முன்னாடி கூகுள் பேட்டன்ட்ஸ்ல தேடியாவது பாத்தீங்களான்னு. அப்புறம் உக்காந்து தேடுனேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும். கோல்ஃப் மேட்டுக்கே எத்தனை கெடக்குது தெரியுமா, பிரஷ்ஷு மாதிரி நாரை நட்டமா நிறுத்துனது, உள்ள ஜெல் வச்சது, கட்டை பட்ட இடம் நிறம் மாறிக் காட்டறது, எத்தனையோ. கொஞ்சம் வயிறு எரிஞ்சாலும் அதுல படிச்சதுதான் எனக்குக் காலேஜு. காலாவதியான பேட்டன்ட்டை யாரு வேணா செய்யலாம், காசு குடுக்க வேண்டியதில்ல, இதுவே எத்தனை பட்டறைக்காரங்களுக்குத் தெரியும்?

பட்டிங் பழகற தரை பத்தியும் ஒரு வார்த்தை. எட்வர்ட் ஸ்டிம்ப்சன்னு ஒருத்தர் 1935ல ஓக்மான்ட் மைதானத்துல யு.எஸ். ஓப்பன் பாக்கப் போயிருந்தாரு, ஜீன் சராசன்னு ஒரு ஆட்டக்காரர் தட்டுன பந்து கிரீன்ல (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) நிக்காம உருண்டு மணல் பள்ளத்துல விழுந்ததைப் பாத்து, தரை எவ்வளவு வேகம்னு அளக்க ஒரு மர வாய்க்கால் பண்ணாரு. அதுலயே மாத்தம் பண்ணி அலுமினியத்துல அமெரிக்க சங்கம் 1978ல எடுத்துக்கிச்சு, ஸ்டிம்ப்மீட்டர்னு பேரு. 36 இன்ச்சு நீளம், வி மாதிரி பள்ளம், ஒரு இடத்துல பந்து உக்கார வெட்டு. மெதுவாத் தூக்கினா சுமார் 20 டிகிரியில பந்து தானா கழண்டு உருளும், எத்தனை அடி உருண்டுச்சோ அதுதான் தரையோட வேகம். அவ்வளவுதாங்க கருவி! அலுமினிய ஆங்கிள் ஒண்ணு வாங்கி நானே பண்ணேன், மொட்டை மாடியில கார்ப்பெட், சணல் சாக்கு, ரெக்ஸின்னு எல்லாத்து மேலயும் உருட்டிப் பாத்துட்டேன். வெறும் சிமென்ட்டுல பந்து உருண்டு மாடியில இருந்தே குதிச்சுருச்சு, கீழே யாரும் இல்லாதது குலதெய்வம் புண்ணியம். காஸ்ட்லி ஆளுங்க இதை எங்க கொண்டு போயிருக்காங்கன்னா, டைகர் உட்ஸும் ரோரி மெக்கில்ராயும் சேந்து ஃபுளோரிடாவுல 2025 ஜனவரியில ஆரம்பிச்ச உள்ளரங்கு லீக்குல கிரீனே ராட்டினம் மாதிரி சுத்தும், அடியில ஜாக்கி மாதிரி நூத்துக்கணக்குல வச்சு மேடு பள்ளத்தை மாத்துவாங்க. நமக்கு அது வேண்டாம். நம்ம நாட்டுல தண்ணி இல்லாத கோர்ஸ்ல புல்லு வளக்க முடியாம மணல்ல எண்ணெயைக் கலந்து தட்டி பிரவுன்னு பண்ணி விளையாடியிருக்காங்களே, அதுவும் தரைக் கண்டுபிடிப்புதான். மும்பை செம்பூர்ல கேடி பசங்க (ஆட்டக்காரங்களோட கட்டைப் பையைத் தூக்கிட்டுப் போறவங்க) இரும்புக் கம்பியை வளைச்சுக் கட்டையாக்கி, பிளாஸ்டிக் பந்துல குடிசை சந்துக்குள்ளயே கோல்ஃப் ஆடறாங்களே, அதுவும்தான். அந்தப் பந்து சன்னல் கண்ணாடியை உடைக்காது, இடத்துக்குத் தக்க சாமான். ஆட்டுக்கல்லுல மோட்டரைக் கோத்து கிரைண்டர் பண்ணி வித்த ஊருக்காரன், ஜி.டி.நாயுடு பொறந்த ஊருப் பக்கத்துக்காரன் நான் இதைச் சொல்லாம யாரு சொல்றதுங்க.

உங்ககிட்ட கேக்கறது ரெண்டுதான். கட்டுரையில வந்த அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. இன்னொண்ணு, வாரத்துல ஒரு நாள் வேண்டாம், மாசத்துல ஒரு நாள் ஒரு ஓரத்துல, பேட்டன்ட்டுக்கும் டிசைனுக்கும் எந்த ஃபாரம், எவ்வளவு ஃபீஸ், எதை மொதல்ல செய்யணும்ங்கறதைத் தமிழ்ல, சட்ட பாஷை இல்லாம போடுங்க. இன்ஜினியரிங் காலேஜ் பசங்க வருஷா வருஷம் பிராஜெக்ட் எக்ஸ்போன்னு செஞ்சதை எல்லாம் பரப்பி வச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறாங்க, உங்க பேப்பர்லயே படம் வருது, பாக்கும்போதெல்லாம் எனக்குப் பக்குன்னு இருக்கு.

நான் இப்ப வேற ஒண்ணு பண்ணிட்டிருக்கேன், மேட்டுக்கு அடியில வைக்கறது, என்னன்னு எழுத மாட்டேன். இந்தத் தடவை புரொவிஷனல் நம்பர் வந்ததுக்கப்புறம்தான் வாயைத் திறப்பேன், பையன்கிட்ட இருந்து போனைக்கூட வாங்கி வச்சுட்டேன். பழைய மேட்டு பட்டறையிலயேதான் கெடக்குது, ஒரு வலை, ஒரு பக்கெட் பந்து, செகண்ட்ஸ்ல வாங்கின ஏழாம் நம்பர் அயர்ன் ஒண்ணு, கோலப்பொடி டப்பா. உங்க நிருபர் யாராவது வந்தா அடிச்சுப் பாக்கலாம். காத்தால ஒம்பது மணிக்குள்ள வரச் சொல்லுங்க, அப்புறம் லேத்து ஓட ஆரம்பிச்சுரும், பேசறது காதுல விழாது. ஷூ போட்டுட்டு வரணும், தரையெல்லாம் இரும்புச் சுருளு.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்.